இனயத்துக் கிறிஸ்துமஸ் பலகாரங்கள்: ஒரு சிறு வரலாறு

இனயம் என்ற பெயரை வெளியூர் வாசகர்கள் பெரும்பாலும் செய்தித்தாளில்தான் கண்டிருப்பார்கள். 2016 ஜூலையில் அங்கே பெரும் துறைமுகம் ஒன்றை அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. கடற்கரை மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் திட்டம் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் நகர்த்தப்பட்டது. ஓர் ஊர் வரைபடத்தில் புள்ளியாக மட்டுமே பேசப்படும்போது அதன் அடுப்படி யார் கண்ணிலும் படுவதில்லை. இக்கட்டுரை அந்த அடுப்படியைப் பற்றியது.

முதலில் ஒரு திருத்தம். குமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று சொல்லிவிடுகிறோம். வழக்கில் அப்பெயர் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் வயல்வெளிக்கே உரியது. குளச்சலுக்கு மேற்கே அமைந்த இனயம் பழைய விளவங்கோடு வட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணையும் வரை இது திருவிதாங்கூர். எனவே இதன் பலகாரப் பெயர்களில் மலையாளமும் தமிழும் ஒரே பானையில் வெந்து கிடக்கின்றன. இங்கே 'சர்க்கரை' என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது 'சீனி'. மரவள்ளிக் கிழங்கின் பெயரோ 'மரச்சீனி'!

இக்கடற்கரையின் கிறிஸ்துமஸுக்கு வயது ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள். 1544இன் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோரமாக நடந்து, ஒரு மாதத்துக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அவருடைய அக்கறை ஆன்மாக்களில் இருந்தது. அந்தப் பத்தாயிரம் பேர் முதல் கிறிஸ்துமஸுக்கு என்ன சமைத்தார்கள் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதுதான். ஊகிக்க ஒரு வழி உண்டு. பலகாரத்தில் சேரும் பொருள்களைப் பார்த்தால் போதும்.

பச்சரிசி, சிறுபயறு, கருப்பட்டி, சுக்கு, ஏலம். இவற்றுள் ஒன்றுகூடக் கடற்கரை மணலில் விளைவதல்ல. தேங்காய் ஒன்றுதான் ஊரில் கிடைக்கும். மீன்காரப் பெண்கள் கடவத்தைத் தலையில் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்தார்கள். பணம் அரிதாக இருந்த காலத்தில் மீனைக் கொடுத்து நெல்லையும் கிழங்கையும் கருப்பட்டியையும் வாங்கினார்கள். பனையேறுபவரின் பருவம் கோடை, பண்டிகையோ மார்கழியில். ஆகவே கோடையில் வாங்கிய கருப்பட்டி அடுப்புப் புகை படும் பரணில் மாதக்கணக்காகக் காத்திருக்கும். கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கான ஏற்பாடு உண்மையில் பங்குனி, சித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்று நாம் பலகாரத்தில் இனிப்பைத்தான் முதலில் காண்கிறோம். அன்று அரிசியே விருந்து. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தார். கிழங்கும் மீனும் ஏழைகளின் அன்றாட உணவாக நிலைபெற்றன. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது திருவிதாங்கூர் பட்ட பாட்டை, அந்தக் கிழங்கு இல்லாவிட்டால் நினைத்தும் பார்க்க இயலாது. ஆண்டு முழுதும் கிழங்கு தின்ற வீட்டில் பச்சரிசியை ஊறவைத்து, இடித்து, சலித்து மாவாக்கும் உலக்கைச் சத்தம்தான் பண்டிகையின் முதல் அறிவிப்பாக இருந்திருக்கும். கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பமும் இறைச்சிக் குழம்பும் பெற்ற மரியாதையும் அந்த அரிசியால் வந்ததே.

இனி முந்திரிக்கொத்து. சிறுபயறை வறுத்து, திரிகையில் உடைத்து மாவாக்க வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும். இரண்டையும் சுக்கும் ஏலமும் சேர்த்துச் சர்க்கரைப் பாகிலோ கருப்பட்டிப் பாகிலோ பிசைந்து, சிறு உருண்டைகளாகப் பிடித்து உலரவிடுவார்கள். பிறகு மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் முக்கி, மும்மூன்றாக ஒட்டித் தேங்காயெண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். கொத்தாக இருப்பதால் கொத்து. ஆனால் முந்திரி எங்கே? இங்கு முந்திரி என்பது கொடிமுந்திரி, அதாவது திராட்சை. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த கொட்டைக்கு இப்பக்கத்துப் பெயர் கொல்லாங்கொட்டை. திராட்சையும் இல்லாமல், கொல்லாங்கொட்டையும் இல்லாமல், திராட்சைக் குலையின் உருவத்தை மட்டும் வாங்கிக்கொண்ட பலகாரம் இது. இதற்கு மதமும் இல்லை. உள்நாட்டு இந்து வீடுகளிலும் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் இதையே செய்கிறார்கள். மீன் போன வழியில் பலகாரம் வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

அச்சு முறுக்கின் கதை வேறு. அது கடல்வழிக் கதை. பூ வடிவ இரும்பு அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சூடேற்றி, அரிசிமாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி கலந்த கரைசலில் முக்கால் பங்கு மட்டும் தோய்த்து, மறுபடி எண்ணெயில் இறக்குவார்கள். அச்சு சூடாகாவிட்டால் மாவு பிடிக்காது. முழுதும் மூழ்கிவிட்டால் விட்டு வராது. இதே பண்டம் கேரளத்தில் அச்சப்பம். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் செய்யப்படும் கொக்கிஸ். அப்பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது என்பார்கள். மலேசியாவிலும் உண்டு, தொலைதூர ஸ்வீடனிலும் உண்டு. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் மாறி மாறிக் கப்பல் விட்ட கரை இது. 1741இல் டச்சுப் படையை மார்த்தாண்டவர்மா தோற்கடித்தது பக்கத்துக் குளச்சலில்தான். படைகள் போய்விட்டன, அச்சு தங்கிவிட்டது. தேங்காய்ப்பாலைக் குடித்து அது நம்மூர்க்காரனாகவும் ஆகிவிட்டது.

இந்தப் பலகாரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: அவை கெடுவதில்லை. ஈரம் முழுதும் வறுபட்டுப் போவதால் வாரக்கணக்கில் நிற்கும். கடலுக்குப் போகிறவனின் பையிலும், 1970களுக்குப் பின் வளைகுடாவுக்குப் போனவனின் பெட்டியிலும் இடம்பெறும் தகுதி அவற்றுக்கு அதனால் வந்தது. தலச்சேரியில் 1883இல் மம்பள்ளி பாபு செய்ததாகச் சொல்லப்படும் கிறிஸ்துமஸ் கேக்கின் வழித்தோன்றல்கள் இப்போது எல்லா பேக்கரிகளிலும் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. கேக்கைக் கடையில் வாங்கலாம். முந்திரிக்கொத்துக்கோ நான்கு பெண்களும் ஒரு முழு நாளும் வேண்டும். ஒருத்தி உருட்ட, ஒருத்தி முக்க, ஒருத்தி பொரிக்க, கிழவி ஒருத்தி பாகின் பதம் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். பலகாரம் மறைந்தால் போவது சுவை மட்டுமல்ல, அந்த ஒரு நாளும்தான்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். புத்தாண்டு வரை வரவேண்டிய பலகாரம் வீடுகளில் டின் டின்னாக இருக்கும் நாள். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஊர்களைக் கடல் புகுந்து அழித்ததில் குமரி மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்தபோது திருவருகைக்காலம் தொடங்க மூன்றே நாள்கள் இருந்தன. இனயத்துக்கு மேற்கே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை.

சாவு விழுந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச்சட்டி வைப்பதில்லை. உற்றாரும் அயலாரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். சாதி, மதம் கடந்து தமிழ்நாடெங்கும் இருக்கும் வழக்கம் இது. துக்கத்துக்கு இடம் கொடுத்து, குழந்தைகளின் வாயையும் மறக்காத வழக்கம். ஆனால் அது ஒரு வீட்டில் சாவு விழும் என்று எண்ணி வகுக்கப்பட்டது. கடலில் காணாமற்போனவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாத வீட்டில் சட்டியை வைப்பதா, விடுவதா? சட்டம் ஏழாண்டுகள் காத்திருக்கச் சொல்லும், டிசம்பர் காத்திருப்பதில்லை. தெரு முழுதும் துக்க வீடானால் யார் யாருக்குப் பலகாரம் கொண்டுபோவது?

அப்போது உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். மீன் கடவத்தோடு பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஏறிப்போன அதே வழியில், அரிசியும் பயறும் கருப்பட்டியும் இறங்கி வந்த அதே வழியில்.