70 ஓபியூக்கி: சென்னையில் முன்மொழியப்பட்ட, இருக்க இயலாத ஒரு கோள்

(நீள்பதிவு)

விண்வெளி வியூக விளையாட்டு ஒன்றை உருவாக்குபவர் முதலில் எதிர்கொள்ளும் வினா எளியது: ஒரு விண்மீனைச் சுற்றி எத்தனை கோள்களை, எவ்வளவு தொலைவில் வைப்பது? விளையாடுபவர் அங்கே குடியேற வேண்டும். கனிமம் அகழ வேண்டும். பகைவரை எதிர்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு விதித்தொகுப்பு தேவைப்படுகிறது. அவ்விதிகளுள் ஒன்றின் வரலாறு சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறது. ‘சூரியனுக்கு அப்பாலுள்ள முதல் கோள் 1855இல் சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று பெருமிதத்தோடு பகிரப்படும் செய்தியின் பின்னணியும் அதுவே. அச்செய்தி உண்மையன்று. உண்மை வரலாறு அதைவிடச் சுவையானது.

முதலில் விளையாட்டுகளைப் பார்ப்போம். 1984இல் டேவிட் பிரேபன், இயன் பெல் ஆகிய இருவர் உருவாக்கிய ‘எலைட்’ விளையாட்டில் 8 மண்டலங்கள் இருந்தன. மண்டலத்துக்கு 256 விண்மீன்கள். அத்தனையையும் சேமிக்க அக்காலக் கணினியில் இடமில்லை. எனவே மூன்றே எண்களை விதையாகக் கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் அனைத்தையும் கணக்கிட்டு வருவித்தார்கள். ஊர்ப்பெயர்கள்கூட ஈரெழுத்துத் துணுக்குகளை இணைத்தே உருவாயின. மொழியியல் பயின்ற எனக்கு இதில் ஒன்று புலப்படுகிறது. வாயில் நுழையாத பெயர்கள் பெருகிவிடாதபடி துணுக்குகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். தமிழ்ச் சொல் ழகரத்தில் தொடங்காது என்று நம் இலக்கணம் சொல்வதைப் போன்றதொரு கட்டுப்பாடு அங்கே பெயர்களுக்கு இருந்தது. கோள்களின் இருப்பிடத்துக்கு அத்தகைய விலக்கு எதுவும் இல்லை. 1993இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ விளையாட்டிலோ ஒரு விண்மீனுக்கு ஒரு கோளுக்கு மேல் கிடையாது. ஆதலால் சிக்கலே எழவில்லை.

சிக்கல் எழுவது இரட்டை விண்மீனை அமைக்கும்போது. இரு சூரியன்கள் உதிக்கும் வானம் யாரையும் கவரும். ஆனால் ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களுக்கிடையே கோளை எங்கே வைத்தால் அது நிலைத்திருக்கும்? இவ்வினாவுக்கு விடை தேடிய முதல் வழக்குகளுள் ஒன்றுதான் 70 ஓபியூக்கி.

ஓபியூக்கஸ் விண்மீன் குழுவில் வெறுங்கண்ணுக்கு மங்கலான ஒற்றைப் புள்ளியாகத் தெரிவது இவ்விண்மீன். அது இரட்டை என்பதை 1779இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டார். இரண்டும் சூரியனைவிடச் சற்றுச் சிறியவை. ஒன்றையொன்று சுற்றி வர ஏறத்தாழ 88 ஆண்டுகள் எடுத்துக்கொள்பவை. நம்மிடமிருந்து அவற்றின் தொலைவு 17 ஒளியாண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. ஹெர்ஷலுக்குப் பின்வந்தோர் தொடர்ந்து அளந்துவந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ ஒரு முழுச்சுற்றின் பதிவுகள் திரண்டிருந்தன.

சென்னை வானாய்வகம் 1786இல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்பவரின் சொந்த முயற்சியாகத் தொடங்கி, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்து, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் பெற்றது. அங்கே நாட்டப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் தெலுங்கிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கடற்பயணத்துக்கும் நில அளவைக்கும் வேண்டிய கணக்குகளே கம்பெனியின் முதல் தேவை. ஆயினும் அங்கே பணியாற்றியோர் அதற்கப்பாலும் நோக்கினர். டி. ஜி. டெய்லர் 1844இல் வெளியிட்ட பட்டியலில் 11,000க்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்கள் இடம்பெற்றன. அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். பம்பாய்ப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த அவருக்கு இரட்டை விண்மீன்களில் தனி ஈடுபாடு இருந்தது.

ஜேக்கப் 1855இல் இலண்டன் அரச வானியல் கழகத்தின் இதழில் 70 ஓபியூக்கியின் முரண்பாடுகள் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈர்ப்பு விதிப்படி கணித்த நீள்வட்டத்திலிருந்து, அளந்த இடங்கள் ஓர் ஒழுங்கோடு விலகுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத கோள் ஒன்று அங்கிருந்தால் இவ்விலகலை விளக்கலாம். இதுவே அவர் வாதம். அதை அவர் உறுதியான கண்டுபிடிப்பாக அறிவிக்கவில்லை. வலுவான வாய்ப்பு என்ற அளவிலேயே நிறுத்தினார்.

அக்காலச் சூழலில் இது துணிகரமான கற்பனையும் அன்று. யுரேனஸின் தடுமாற்றத்தைக் கணக்கிட்டே 1846இல் நெப்டியூன் கண்டறியப்பட்டது. 1844இல் பெசல் என்ற ஜெர்மானிய வானியலார், சிரியஸின் அலைவைக் கொண்டு அதற்கு மறைந்த துணை இருக்க வேண்டும் என்று உரைத்திருந்தார். 1862இல் அத்துணை தொலைநோக்கியில் தெரிந்தது. அதே ஆண்டில் ஜேக்கப் பூனாவில் காலமானார். விலகல் என்றால் அதன்பின் ஒரு பொருள் இருக்கும் என்பது அத்தலைமுறையின் நம்பிக்கை. நம்பிக்கைக்குச் சான்றும் இருந்தது.

நாற்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்க வானியலார் டி. ஜே. ஜே. ஸீ இவ்விண்மீனை மீண்டும் எடுத்துக்கொண்டார். புலப்படாத துணையொன்று 36 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவற்றுள் ஒரு விண்மீனைச் சுற்றுகிறது என்பது அவர் முடிவு. ஜேக்கப்பிடம் இருந்த தயக்கம் ஸீயிடம் இல்லை.

1899இல் மறுப்பு வந்தது. எழுதியவர் ஃபாரஸ்ட் ரே மோல்டன், அவ்வாண்டில்தான் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார், அகவை 27. அவர் அளவீடுகளின் தரத்தை வாதப்பொருளாக்கவில்லை. அதற்கு முந்தைய வினாவை எழுப்பினார்: அப்படியொரு கோள் அங்கே இருப்பதாகவே கொள்வோம், அது அங்கே தங்குமா? பெரிய பொருளொன்று அருகிலிருந்து இழுக்கும்போது, ஒரு துணைக்கோளின் பாதை எவ்வளவு தொலைவு வரை நிலைத்திருக்கும் என்ற எல்லையைப் பொதுவாக வருவித்து, அதை 70 ஓபியூக்கிக்குப் பொருத்தினார். ஸீ கூறிய துணை அவ்வெல்லைக்கு வெளியே விழுந்தது. கண்ணால் தேடவேண்டிய தேவையே இல்லை; அது அங்கே இருக்க இயலாது. ஸீ சினந்து மறுப்பெழுதினார். அவருடைய நற்பெயருக்கு அது நன்மை செய்யவில்லை.

இதை நாமே சரிபார்க்கலாம். புவிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரு வானியல் அலகு என்போம். இவ்விரு விண்மீன்களின் பாதை மிக நீண்ட நீள்வட்டம். அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 35 அலகிலிருந்து 11 அலகு வரை மாறுகிறது. 36 ஆண்டுச் சுற்றுக்காலம் உள்ள கோள், கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, தன் விண்மீனிலிருந்து ஏறத்தாழ 10 அலகு தொலைவில் இருக்க வேண்டும். மற்ற விண்மீனோ 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை 11 அலகு வரை நெருங்கி வருகிறது. கோளின் வாசலிலேயே இன்னொரு சூரியன் வந்து நிற்பதைப் போன்றது இது.

விளையாட்டு வடிவமைப்பாளருக்கு வேண்டிய விதி இங்கே பிறக்கிறது. இரு விண்மீன்களின் மிகக் குறைந்த இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கைக் கணக்கிடுக. அதற்குள் மட்டும் ஒற்றை விண்மீனைச் சுற்றும் கோள்களை வைக்கலாம். மிகக் கூடிய இடைவெளியின் மும்மடங்குக்கு அப்பால், இரண்டையும் சேர்த்துச் சுற்றும் கோள்களை வைக்கலாம். இடைப்பட்ட பகுதி விலக்கப்பட்டது. ‘கர்ப்ஸ் ஸ்பேஸ்’ என்ற மேசைவிளையாட்டு நூல் இவ்வாறே வகுக்கிறது. இதன்படி 70 ஓபியூக்கியில் உள்ளெல்லை 4 அலகுக்குச் சற்றுக் குறைவு. இன்றைய விரிவான கணிப்புகள் இதை இன்னும் சுருக்கி, 3 அலகை ஒட்டி நிறுத்துகின்றன. அதற்குள் புதனும் வெள்ளியும் புவியும் செவ்வாயும் அடங்கும், வியாழனுக்கு இடமில்லை. பெரிய விண்மீனின் ஒளிக்கு, புவியை ஒத்த வெப்பம் கிடைப்பது முக்கால் அலகு தொலைவில். ஆகவே நீரோடும் கோள் ஒன்றை இங்கே வடிவமைக்க இயற்கை தடை சொல்லவில்லை.

மெய்யான வானமும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டே நிற்கிறது. காமா செஃபி என்ற இரட்டையில் விண்மீன்களின் சராசரி இடைவெளி ஏறத்தாழ 20 அலகு. 2003இல் உறுதிசெய்யப்பட்ட அதன் கோள் இருப்பது 2 அலகில். 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16 கோள், மிக நெருங்கிய இரு விண்மீன்களையும் சேர்த்துச் சுற்றுகிறது. அதன் தொலைவு அவ்விரண்டின் இடைவெளியைப் போல ஏறத்தாழ மும்மடங்கு.

அப்படியானால் ஜேக்கப் கண்ட விலகல் எங்கிருந்து வந்தது? இவ்விரு விண்மீன்களும் வானில் சில விகலை இடைவெளியிலேயே தெரிபவை. அதைப் பல நாட்டார், பல கருவிகளால், எண்பதுக்கு அருகான ஆண்டுகள் கண்ணால் அளந்தனர். ஒவ்வொருவர் கண்ணுக்கும் கைக்கும் உரிய சிறு சாய்வுகள் சேர்ந்து ஓர் ஒழுங்கைப் போலத் தோன்றியிருக்க வேண்டும். பின்வந்த துல்லியமான ஆய்வுகளில் அக்கோள் புலப்படவில்லை. சூரியனையொத்த விண்மீனைச் சுற்றும் கோள் உறுதியாகக் கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனவே ‘முதல் கோள் சென்னையில்’ என்ற பட்டத்தை விட்டுவிடலாம். அதனால் சென்னைக்கு இழப்பில்லை. நூறாண்டுக்கும் மேலாக நிகழ்ந்த தேடலின் தொடக்கத்தில், பிறர் சரிபார்க்கும் வகையில் எண்களோடு வைக்கப்பட்ட வினா சென்னையிலிருந்து சென்றது. அவ்வினா இல்லையேல் ஸீயின் மிகையும் இல்லை; மோல்டனின் எல்லையை இவ்விண்மீனில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை. பொய்யான முதன்மையைக் கொண்டாடும்போது, ஒரு கருதுகோள் எவ்வாறு தவறென நிறுவப்பட்டு விதியொன்றை விட்டுச்செல்கிறது என்ற அரிய பாடத்தை நாம் இழக்கிறோம்.

நான் வாழும் கார்வேட்டிநகரத்துக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் அகலக்கோட்டில் அரைப்பாகைகூட வேறுபாடில்லை. ஜேக்கப் கண்ட வானமே இங்கும். ஆடி மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில், மேகமில்லையென்றால், உச்சிக்குச் சற்றுத் தெற்கே 70 ஓபியூக்கியைத் தேடலாம். சிறிய தொலைநோக்கி இருந்தால் இரண்டாகப் பிரிந்து தெரியும். விளையாட்டு வடிவமைக்கும் நண்பர்கள் தங்கள் அடுத்த வரைபடத்தில் இதற்கோர் இடம் தரலாம். கோள்களை மட்டும் 3 அலகுக்குள் வைத்துவிடுங்கள்.