தண்ணீர் ஏறுறதுக்கு முன்னாடி தோண்டிய பள்ளத்தாக்கு

மாரண்டஹள்ளிக்காரர்களுக்குப் பஞ்சப்பள்ளி அணையைச் சொல்லித் தரணுமா? அணைன்னா பாசனம், குடிநீர் பேசுவோம். தண்ணிக்கு அடியில் போன மண்ணைப் பேச மாட்டோம். அந்த மண்ணை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் மூழ்கவிட்ட இடம் ஒண்ணு உண்டு: ஆந்திராவின் நாகார்ஜுனகொண்டா.

கிருஷ்ணா நதியில் நாகார்ஜுனசாகர் அணை வரப்போகுதுன்னதும், 1954-ல் இந்தியத் தொல்லியல் துறை ஆர். சுப்பிரமணியம் தலைமையில் அங்கே இறங்கியது. நேரு அடிக்கல் நாட்டியது 1955 டிசம்பர் 10. 1960 வரை தோண்டினாங்க.

இக்ஷ்வாகு மன்னர்களின் தலைநகரும் புத்த விகாரைகளும் முன்பே தெரிஞ்சதுதான். ஆனா கற்காலக் கருவிகள், புதிய கற்கால மக்கள் குடியிருந்த குழிகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்னு பள்ளத்தாக்கோட மொத்தக் கதையும் வெளிய வந்தது. சில கட்டடங்களைக் கல் கல்லாப் பிரிச்சு மலை உச்சியில் திரும்பக் கட்டினாங்க. அந்த மலைதான் இன்னைக்குத் தீவு.

அறிக்கையின் முதல் தொகுதி வந்தது 1975-ல். இரண்டாவது 2006-ல்! (டிஸ்சார்ஜ் சம்மரி லேட்னு எங்களைத் திட்டுறவங்க கவனிக்கவும்.)

கோயிலைப் பெயர்த்து வைக்கலாம். குழி வீட்டைப் பெயர்க்க முடியாது. அது மண்ணில் தெரியும் நிற வித்தியாசம், கொஞ்சம் சாம்பல், எலும்புத்துண்டு, அவ்வளவுதான். எந்த அடுக்கில் கிடைச்சதுன்னு தெரியாத கற்கோடரி, பெயர் ஒட்டாம லேபுக்கு வந்த பயாப்சி மாதிரி. பொருள் இருக்கும், தகவல் இருக்காது.

நம்ம பக்கம் மோதூர், திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளி, ரெண்டும் புதிய கற்கால ஊர்கள். கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையில் இரும்புக்கு கி.மு. 2172-னு காலம் சொன்னதே மண் அடுக்கில் கிடைத்த கரித்துண்டை வைத்துதான். ஜேசிபி ஒரு தடவை அள்ளினா அந்த அடுக்கே காலி.

சட்டம்? 2010 திருத்தப்படி மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டத் தடை, அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேணும். பட்டியலில் ஏறாத, இன்னும் யாரும் பார்க்காத கல்வட்டத்துக்கு இது உதவாது. ஐரோப்பாவில் 1992 வலெட்டா உடன்படிக்கை, ஆய்வுச் செலவு கட்டுமானத் திட்டத்துக்குள்ளேயே வரணும்னு சொல்லுது. நாகார்ஜுனகொண்டாவில் நாம அதுக்கு 38 வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சோம். ஆனா அதை எல்லாத் திட்டத்துக்கும் பொது விதியா ஆக்கல.

வீட்டுக்கு அஸ்திவாரம் எடுக்கும்போது கருப்பு-சிவப்புப் பானை ஓடோ, வழவழன்னு தீட்டிய கல்லோ தட்டுப்பட்டா கையில் எடுக்காதீங்க. இருந்த இடத்திலேயே ஒரு போட்டோ எடுத்துட்டு விஏஓ-கிட்டயோ தாசில்தார் ஆபீஸ்லயோ சொல்லுங்க.