உலையா, மைக்ரோவேவா? ஒரு வெள்ளைப் பொடியின் கதை

படித்தது பி.ஈ., பிழைப்பு மென்பொருளில். பீங்கான் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. போன மாதம் வண்டிக்கு ஸ்பார்க் பிளக் மாற்றும்போது, அதிலுள்ள வெள்ளைப் பகுதி எதனால் ஆனது என்று தேடப் போய், ஒரு வாரம் அதிலேயே ஓடிவிட்டது.

அது அலுமினா. பொடியை அச்சில் அழுத்திச் சுட்டால் கெட்டிப்படும். பொடி நைசாக இருந்தால் குறைந்த சூட்டிலேயே நன்றாக இறுகும். சிக்கல் என்னவென்றால், உறுதியான ஆல்ஃபா அலுமினா உருவாக வழக்கமான உலையில் 1,100 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். சூடில்லாமல் பொடி இல்லை, சூடு ஏறினால் நைஸ் இல்லை!

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிங்ஸ்லியும் கே. சி. பாட்டீலும் 1988-இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அலுமினியம் நைட்ரேட், யூரியா (ஆமாம், வயலுக்குப் போடும் அதே யூரியாதான்), கொஞ்சம் தண்ணீர். 500 டிகிரி உலையில் வைத்தால் கொதித்து, நுரைத்து, குப்பென்று பற்றிக்கொள்ளும். யூரியா எரிபொருள், எரியத் தேவையான ஆக்சிஜனை நைட்ரேட் தருகிறது. உலை தராத சூட்டைக் கலவையே உண்டாக்கிக்கொள்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும். வெளியேறும் வாயு துகள்களைப் பிரித்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தில் பஞ்சு மாதிரிப் பொடி.

மைக்ரோவேவ் இன்னொரு வழி. ரேடாருக்காக வளர்ந்த மேக்னட்ரானிலிருந்து சமையலறைக்கு வந்த கருவி இது. 1992-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீதர் கோமர்நேனியும் ராஞ்சியில் பிறந்த ரஸ்தம் ராயும் சக ஆய்வாளரோடு சேர்ந்து, மூடிய கலத்திலுள்ள கரைசலை மைக்ரோவேவில் சூடாக்கி பீங்கான் பொடிகள் செய்தார்கள். படிகமாவது வேகமானது.

'மைக்ரோவேவ் ஜெயித்தது' என்று குறிப்பெழுதி முடித்தும்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது: ஒரே வெப்பநிலையில்தான் ஒப்பிட்டார்களா என்று எப்படித் தெரியும்? உலோகத் தெர்மோகப்பிள் மைக்ரோவேவ் புலத்தையே குலைக்கும். பைரோமீட்டர் மேற்பரப்பை மட்டும் பார்க்கும். மைக்ரோவேவிலோ உள்ளே சூடு அதிகமாக இருக்கலாம். 'இது மைக்ரோவேவின் தனி மாயம்' என்பவர்களுக்கும் 'வெறும் சூடுதான்' என்பவர்களுக்கும் நடந்த நெடுஞ்சண்டையின் வேர் இங்கேதான். வேறு வேறு சர்வரில் ஓட்டிவிட்டு 'என் கோடு வேகம்' என்று நானும் பீற்றியிருக்கிறேனே! குறிப்பின் தலைப்பை அழித்துவிட்டேன்.

ஒரு விஷயம்: வீட்டு மைக்ரோவேவில் இதையெல்லாம் முயன்று பார்க்காதீர்கள். நைட்ரேட் கலவையிலிருந்து வரும் பழுப்புப் புகை நச்சு.