அன்றாட வேலையில் பிறக்கும் படைப்பாற்றல்: இரண்டு ஊர்களின் கதை

படைப்பாற்றல் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் பெரிய கவிஞரோ, ஓவியரோ, விஞ்ஞானியோதான் நினைவுக்கு வருவார்கள். அது பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்ப்பது, மற்றவர்களுக்கு எட்டாதது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. இது சரிதானா? விருதுநகர் மாவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு ஊர்களின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

பூந்தோட்டக்காரரின் பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த விஷ்ணுசித்தர் என்னும் பெரியாழ்வாரின் தினசரி வேலை என்ன? நந்தவனம் வைத்துப் பூப் பறித்து, மாலை கட்டி, வடபத்ரசாயிப் பெருமாளுக்குக் கொடுப்பது. அவருடைய பாசுரங்களைப் பார்த்தால் ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. குழந்தையைத் தாலாட்டுவது, குளிப்பாட்டுவது, பூச்சூட்டுவது, தலைவார காக்கையைக் கூப்பிடுவது என்று வீட்டில் தாய்மார்கள் செய்யும் வேலைகள்தான் அங்கே பாட்டாகியிருக்கின்றன! கண்ணனைக் குழந்தையாக வைத்து அவர் பாடிய இந்தப் பாடல்களே பின்னாளில் வந்த பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கு முன்னோடி என்று கருதப்படுகின்றன.

அவர் வளர்த்த பெண் கோதை, அதாவது ஆண்டாள். பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண். காலம் 8 அல்லது 9-ஆம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. திருப்பாவையின் 30 பாடல்கள், நாச்சியார் திருமொழியின் 143 பாடல்கள் அவர் பாடியவை. மார்கழி விடியலில் தோழியரை எழுப்புவது, சிறுமிகள் மணலில் கட்டிய சிறுவீட்டைக் கலைக்காதே என்று கண்ணனிடம் கெஞ்சுவது... இவையெல்லாம் எந்த ஊர்ப் பெண் பிள்ளைக்கும் தெரிந்த விஷயங்கள்தான். அவற்றைப் பாட்டாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

விதியை மீறிய மாலை

சாமிக்குக் கட்டிய மாலையைக் கோதை தினமும் தான் சூடி அழகு பார்த்துவிட்டுக் கொடுத்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. கோயில் வழக்கப்படி அது பெரிய தவறு. தந்தை மனம் வருந்தி வேறு புதிய மாலை கட்டினார். ஆனால் அவள் சூடிய மாலையே வேண்டும் என்று பெருமாள் கனவில் கேட்டதாக மரபு சொல்கிறது. இதைக் கதையாகவே எடுத்துக்கொண்டாலும் அந்த ஊர் செய்த காரியம் முக்கியமானது. ஒரு சிறு பெண்ணின் விதிமீறலை அது மறைக்கவில்லை, அதையே விதியாக்கிக்கொண்டது! ஆண்டாள் சூடிய மாலை இன்றும் சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும், பிரம்மோற்சவக் கருடசேவைக்குத் திருமலைக்கும் போகிறது.

ஒரு நாள் கிளி

ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளி உலோகத்தாலோ மரத்தாலோ செய்ததல்ல. இலையாலும் பூவாலும் ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்யப்படுவது. மாதுளம்பூ அலகாகும், மரவள்ளி இலை உடலாகும், மூங்கில் குச்சி கால்களாகும். செய்து முடிக்கச் சில மணி நேரம் பிடிக்கும். மாலையில் ஆண்டாளின் கைக்குப் போகும். மறுநாள் அது பிரசாதம். பிறகு மீண்டும் முதலிலிருந்து!

ஒரு நாள் இருந்துவிட்டுப் போகப் போகும் பொருளுக்கு இவ்வளவு உழைப்பா என்று கேட்கலாம். ஆனால் ஒரே ஒரு தங்கக் கிளி செய்து வைத்திருந்தால், அதைச் செய்யத் தெரிந்த கை எப்போதோ மறைந்திருக்கும். கிளி வாடிப்போவதால்தான் கலை வாடாமல் இருக்கிறது.

மாலை போன தூரம்

கோதையின் மாலை மொழி கடந்தும் போயிருக்கிறது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509-1529) ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' என்ற காவியமாக எழுதினார். தலைப்பின் பொருளே 'சூடிக் கொடுத்தவள்' என்பதுதான். ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்கள் பெருமளவில் வாழும் ஊர் ராஜபாளையம். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்பது அங்கே சாதாரணம். அந்த ஊரைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா (1933-2008) அந்தக் காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதற்காகச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார். பிராகிருத மொழியின் 'காதா சப்தசதி'யையும் தமிழில் தந்தவர் அவர். இரண்டு மொழி பேசும் அன்றாட வாழ்க்கையைப் பலர் ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை. அவர் அதை ஒரு கருவியாக்கிக்கொண்டார்.

வீட்டைக் கொடுத்தவர்

திறமை மட்டும் இருந்தால் போதுமா? அதற்கு ஒரு இடமும் வேண்டுமே! ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தவர். பின்னர் ஒடிசாவின் ஆளுநராகவும் இருந்தார். அவர் தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்துவிட்டார். அவர் 1957-இல் மறைந்தார். பதவிகள் போய்விட்டன, ஊரில் அவர் பெயரைச் சொல்ல அந்த மன்றம் இருக்கிறது.

பெரியாழ்வார் தன் நந்தவனத்தில் மகளுக்கு இடம் கொடுத்தார். குமாரசாமி ராஜா தன் வீட்டில் ஊருக்கு இடம் கொடுத்தார். படைப்பாற்றலை வளர்க்க இந்த ஊர்கள் காட்டும் வழி இவ்வளவுதான்: கையில் இருக்கும் வேலையைத் தினமும் செய்வது, அதில் சிறிதாவது தன்னுடையதைச் சேர்ப்பது, அப்படிச் சேர்ப்பவரைத் தடுக்காமல் இருப்பது. மூன்றாவதுதான் கடினம். 'இதெல்லாம் எதற்கு, படிக்கிற வேலையைப் பார்' என்று ஒரு வீட்டில் சொல்லப்படும்போது, அங்கே ஒரு கோதையின் மாலை கசக்கி எறியப்படுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.