நீரின் குத்தகையும் வெயிலின் குத்தகையும்

கூடலூரைத் தாண்டிக் குமுளிக்குச் செல்லும் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். சரிவில் இறங்கும் நான்கு பெருங்குழாய்களைப் பேருந்தில் இருந்தபடியே காணலாம். தமிழகத்தில் சூரிய மின்சாரத்தின் எதிர்காலத்தைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் இந்தக் குழாய்களின் வரலாற்றைப் படிப்பது நல்லது.

பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருக்கு முன்பே தோன்றியது. 1789-இல் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை ஆராய்ந்து, செலவு மிகுதியால் கைவிட்டார். நூறாண்டு கழித்துப் பென்னிகுவிக் அதைச் செய்து முடித்தார். அதற்கு அடித்தளமான குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895-இல் நீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது.

ஒப்பந்தத்தின் நோக்கம் பாசனம். மின்சாரத்தைப் பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் இத்தனை உயரத்திலிருந்து விழும் நீர் வெறும் நீரன்று என்பது பைகாராவும் மேட்டூரும் வந்தபின் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சென்னை அரசு அதே நீரில் மின்சாரம் எடுக்க முனைந்தது, திருவிதாங்கூர் மறுத்தது. விவகாரம் நடுவரிடம் போயிற்று. குத்தகை தருவது பாசன உரிமையை மட்டுமே என்று 1941-இல் தீர்ப்பானது. விடுதலைக்குப் பின் இரு மாநிலங்களும் பேசி இசைந்த பிறகே மின்நிலையம் எழுந்தது. 1958-இல் முதல் இயந்திரமும் 1965-இல் நான்காவதும் ஓடத் தொடங்கின. அப்போதைய மொத்தத் திறன் 140 மெகாவாட். 1970 ஒப்பந்தத்தில் நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மின்சாரத்திற்கெனத் தனிக் கட்டணமும் ஏற்பட்டது.

ஆயினும் அந்த இயந்திரங்கள் தம் விருப்பப்படி ஓடுவதில்லை. அணையில் 104 அடிக்கு மேலுள்ள நீரே இந்தப் பக்கம் வரும். 1979-இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்க 2006-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தும், அது நடைமுறைக்கு வர 2014-இன் தீர்ப்பு வரை காத்திருக்க நேர்ந்தது. கோடையில் குடிநீருக்காக மட்டும் சிறிதளவு நீர் திறக்கும் நாட்களில் இரைச்சல் பாலத்தில் தண்ணீர் ஓடும், மின்நிலையம் ஓய்ந்திருக்கும். இங்கே பாசனம் முதலாளி, மின்சாரம் அதன் பின்னே வரும் கூலியாள்.

இனி வெயிலுக்கு வருவோம். 2010-இல் தேசிய சூரிய ஆற்றல் இயக்கம் தொடங்கியபோது, 2022-க்குள் 20,000 மெகாவாட் என்பது இலக்கு. 2015-இல் அது ஒரு லட்சமாக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் நாடு அந்த எண்ணைக் கடந்தது. சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கும் மேல் மின்வெட்டு நிலவிய 2012-இல் தமிழக அரசு தன் சூரிய மின்கொள்கையை வெளியிட்டது. 2016-இல் கமுதியில் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தது. முத்திருளப்ப பிள்ளை எந்தச் சீமைக்காக நீர் தேடினாரோ அதே சேதுபதி சீமைதான் கமுதி. அவர் காலத்தில் சாபமாயிருந்த வெயில் இன்று விலைபொருள்.

வெயிலை எந்த அண்டை மாநிலமும் அடைக்க முடியாது. ஆனால் வெயில் விழும் நிலத்திற்கு உரிமை உண்டு, குத்தகை உண்டு, விலையும் உண்டு. கமுதி மின்சாரத்தை யூனிட் 7 ரூபாய் 1 பைசாவுக்கு 25 ஆண்டுகள் வாங்க ஒப்பந்தமானது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் கேட்கப்பட்ட விலையோ 2 ரூபாய் 44 பைசா. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவு சரிவு! நீண்டகால ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு எதிர்காலம் தெரிவதில்லை என்பதற்கு 1886-க்கு அடுத்த சான்று இது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. குழாயில் விழும் நீர் பாசனத்தின் காலத்திற்குக் கட்டுப்பட்டது போல, தகட்டில் விழும் வெயில் பகலுக்குக் கட்டுப்பட்டது. விளக்கேற்றும் வேளையில் அது கைவிட்டுவிடும். நண்பகல் மின்சாரத்தைச் சேமிக்க மலையும் நீரும் மீண்டும் உதவலாம். மிகுதி மின்சாரத்தால் கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, மாலையில் விழச் செய்யும் கடம்பாறை நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. 400 மெகாவாட் திறனுள்ள அது போல இன்னும் பல தேவைப்படும். மின்கலங்களின் விலையும் இறங்கி வருகிறது. சூரியனின் எதிர்காலம் தகடுகளின் எண்ணிக்கையில் மட்டுமில்லை, மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

எனவே இன்று ஏக்கர் ஏக்கராக எழுதப்படும் குத்தகைகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். மேய்ச்சல் நிலம் இழக்கும் ஊருக்கு அதில் பங்கு உண்டா? காலம் முடிந்த தகடுகளை அகற்றுவது யார் பொறுப்பு? நாளை அதே நிலத்தில் புதிய பயன் ஒன்று பிறந்தால் அது யாருடையது? 1886-இல் விடுபட்ட ஒரு சொல்லுக்கு எண்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து 1970-இல்தான் எழுத்தில் விடை கிடைத்தது. அத்தனை காலம் காத்திருக்கும் வசதி கமுதியின் ஆட்டுக்காரருக்கு இல்லை.