பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பு: குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி தண்ணிக் கணக்கு போடுங்க!

கந்தர்வக்கோட்டை பக்கம் மீன் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் குஞ்சு விடலாம்?" என்பதுதான். மழையை நம்பியிருக்கிற இந்தப் பகுதியில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கு. குட்டையில தண்ணி எத்தனை மாசம் நிக்கும்?

இங்கே குளமும் கண்மாயும் நிரம்புவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான். சித்திரை, வைகாசி வெயிலில் பல குளங்கள் வற்றிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கும் மீன்பிடித் திருவிழாக்கள் கோடையில் நடப்பது அதனால்தான். ஆனா கட்லா, ரோகு ஒரு கிலோ எடைக்கு வர 8 முதல் 10 மாதம் வேணும். மழைத்தண்ணியோ பல குட்டைகளில் ஆறு மாசம்தான். பாதி வளர்ந்த மீனை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும் நிலை இப்படித்தான் வருது.

அப்போ என்ன செய்யலாம்?

போர்வெல் இருந்தால் கவலை குறைவு. ஆனால் போர்வெல் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், அதை உயரத்தில் இருந்து தெறித்து விழும்படி விட வேண்டும். போர்வெல் இல்லாதவர்கள் விரல் அளவு குஞ்சுக்குப் பதில் 100 கிராம் வரை வளர்ந்த குஞ்சை வாங்கி விடலாம். விலை கூடத்தான், ஆனால் தண்ணி வற்றுவதற்குள் விற்கிற அளவுக்கு வந்துவிடும். 6 மாதத்தில் அரை கிலோ வரை வளரும் 'கிஃப்ட்' திலேப்பியாவும் உண்டு. இதை வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதி வேண்டும். குளங்களில் தானாகப் பெருகிக் கிடக்கும் ஜிலேபி மீன் வேறு, இது வேறு.

குட்டை தயாரிப்பு

செம்மண், சரளை நிலத்தில் தண்ணி கசியும். அடியில் களிமண் போட்டு மெத்தலாம், இல்லையென்றால் தார்ப்பாய் விரிக்கலாம். ஆழம் 5 அடி இருந்தால் நல்லது. சென்ட்டுக்கு சுமார் ஒரு கிலோ சுண்ணாம்பு, பிறகு சாணம். சில நாளில் தண்ணி இளம்பச்சையாகும். முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் மீனுக்கு இயற்கை உணவு போதவில்லை. முழங்கை முங்கும் முன்பே கை மறைந்தால் பாசி அதிகம், சாணம் போடுவதை நிறுத்துங்க.

சென்ட்டுக்கு 20 முதல் 40 குஞ்சு போதும். மேல்மட்டத்தில் மேயும் கட்லா 4 பங்கு, நடுவில் ரோகு 3, அடியில் மிர்கால் 3 என்று கலந்து விட்டால் ஒன்றின் தீனிக்கு ஒன்று போட்டி போடாது. ஒரு காலத்தில் இந்தக் குஞ்சுகளை ஆற்றில் இருந்துதான் பிடிக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ல் ஹிராலால் சவுத்ரி ஹார்மோன் ஊசி போட்டு கெண்டை இனங்களை முட்டையிட வைத்த பிறகுதான் பண்ணைக் குஞ்சு வந்தது. அந்த நாள்தான் தேசிய மீன் விவசாயிகள் தினம்.

விடியற்காலையில் ஒரு ரவுண்டு

தவிடும் கடலைப்புண்ணாக்கும் சம அளவு கலந்து போடுவது பழக்கமான தீனி. அதிகம் போட்டால் மிச்சம் அழுகி ஆக்சிஜனைத் தின்னும். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் எடுப்பதால் சூரியன் உதிக்கும் முன்புதான் ஆபத்து அதிகம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் தீனியை நிறுத்தி, உடனே மோட்டார் போட்டுத் தண்ணியைத் தெறிக்க விடணும். விட்டால் ஒரே ராத்திரியில் மொத்தமும் மிதக்கும். மழை மூட்டமான நாளில் தீனியைக் குறைப்பது இதுக்குத்தான்.

மானியம்

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம் உண்டு. குழி வெட்டும் முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். ஊர்க் குளம் என்றால் மீன்பாசி குத்தகை எடுக்காமல் குஞ்சு விட முடியாது.

"சீக்கிரம் வளரும், சேத்துலயும் பிழைக்கும்" என்று ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சை யாராவது கொடுத்தால் வாங்காதீங்க. மழைவெள்ளத்தில் தப்பிக் கண்மாய்க்குள் போனால் அங்கிருக்கும் நாட்டு மீன்களைத் தின்றுவிடும் என்பதால் 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை செய்த மீன் அது.