முப்புரிச் சுருள்: எலும்பின் இழையும் அடையாற்றுத் தோல் ஆய்வுக்கூடமும்

கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால் முறியாமல் ரப்பர்போல வளையும். சுடுகாட்டில் வெந்த எலும்போ விரல் பட்டதும் உதிரும். வினிகர் கால்சியத்தைக் கரைத்துவிடுகிறது. எஞ்சுவது கொலாஜன் என்னும் புரத இழை. நெருப்பு அந்த இழையை எரித்துவிட்டுத் தாதுவை மட்டும் விட்டுவைக்கிறது. எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது. கரிமப் பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு கொலாஜன். நசுக்கும் பாரத்தைத் தாது தாங்குகிறது, இழுப்பையும் அதிர்ச்சியையும் இழை வாங்கிக்கொள்கிறது. நம் 206 எலும்புகளும் இந்த இரண்டின் துணையில் நிற்கின்றன.

அந்த இழையின் அமைப்பு முதன்முதலில் சரியாகப் பிடிபட்டது சென்னையில். அதற்கு வழிவிட்டது தோல் தொழில் என்பது மருத்துவ வரலாற்றில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

தோல் பதனிடுதல் என்பதே கொலாஜனை அழுகாமல் நிலைக்கச் செய்யும் வேலை. அதற்காகவே 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், 1952இல் இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார் ஜி. என். ராமச்சந்திரன். துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் முதலில் அழைத்தது சர் சி. வி. ராமனை, ராமன் தம் மாணவரைக் கைகாட்டினார். அவ்வாண்டு சென்னை வந்த படிகவியல் அறிஞர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுபடாத புதிர் என்று பேச்சுவாக்கில் சொன்னது இளம் பேராசிரியரின் மனத்தில் தைத்தது.

எக்ஸ் கதிர்ப் படத்துக்கு ஒழுங்கான இழை வேண்டும். தோல் நிறுவனத்தின் வழியே கிடைத்த கங்காரு வால் தசைநாண் அதற்கு உதவியது. தசைநாணிலும் எலும்பிலும் முதன்மையாக இருப்பது ஒரே வகைக் கொலாஜன்.

ராமச்சந்திரனும் அவருடன் பணியாற்றிய கோபிநாத் கர்த்தாவும் பற்றிக்கொண்ட துப்பு ஒரு விகிதம். எந்த விலங்கின் கொலாஜனிலும் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒன்று கிளைசின். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அது. அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. கொலாஜன் மூன்று புரதச் சங்கிலிகள் புரிகளாகச் சேர்ந்த கயிறு என்றால், அதன் நடுவே வேறெதற்கும் இடமில்லை, ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசினாக இருந்தால்தான் புரிகள் நெருங்க முடியும். 1954 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் அந்த மாதிரி வெளியானது. ஆயினும் எக்ஸ் கதிர் அளவுகளோடு அது முழுதாக ஒத்துவரவில்லை. நிலவு பூமியைச் சுற்றும்போதே தன்னையும் சுற்றிக்கொண்டு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தனித்தனியே முறுக்கிய மூன்று புரிகளும் பொது அச்சைச் சுற்றி மறுபடி முறுக்கிக்கொண்டால்? 1955இல் வந்த திருத்திய மாதிரி இதுதான். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் தளதளவென்று உறைவதும் இதன் மறுபக்கமே: கொதியில் இந்த முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகிவிடுகிறது.

அவ்வாண்டே கேம்பிரிட்ஜிலிருந்து ஆய்வாளர்கள் கிரிக்கும் ரிச்சும் மறுப்பு எழுதினர். புரிகளை இணைக்க மூன்று கண்ணிக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்ற சென்னைக் கணக்கில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன. ஒன்றே சாத்தியம் என்றனர். பின்னர் நிலைபெற்றது முப்புரி முறுக்கும், அவர்கள் சொன்ன ஒற்றைப் பிணைப்பும்.

மறுப்பைச் சென்னைக் குழு உதறிவிடவில்லை. இரண்டு அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்று, வெளியான படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி அளந்தது. அந்த எல்லைகளை வைத்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வரைந்ததே ‘ராமச்சந்திரன் வரைபடம்’. எந்தப் புரதத்தின் அமைப்பைக் கண்டறிந்தாலும் இன்றும் முதலில் அதில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். எலும்பின் இழை பற்றிய ஒரு சச்சரவு, எல்லாப் புரதங்களுக்கும் அளவுகோலாயிற்று.

கிளைசின் பற்றிய ஊகத்துக்கு மிகக் கடுமையான சான்று பின்னாளில் மருத்துவமனைகளிலிருந்து வந்தது. தூக்கி எடுத்தாலே எலும்பு முறியும் குழந்தைகள் சிலர் பிறக்கிறார்கள். அவர்களில் பலரின் கொலாஜன் மரபணுவைப் பார்த்தபோது தெரிந்தது ஒரே பிழை: ஆயிரத்துக்கு மேற்பட்ட கண்ணிகள் கொண்ட சங்கிலியில், ஓரிடத்தில் கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று.